நாள் தப்பிய பிள்ளை: ஒரு கணக்கின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தின் கடந்த சந்திப்பில் நண்பரொருவர், வைத்தியசாலை என்பது பெண்ணுடலைக் கண்காணிக்கும் நிறுவனம் என்றும், வீட்டிலே பிள்ளை பெறுவது அந்தக் கண்காணிப்பிலிருந்து விலகும் எதிர்ப்புச் செயல் என்றும் நீண்ட நேரம் பேசினார். பூக்கோவின் 'மருத்துவமனையின் பிறப்பு' (1963) மேற்கோள் காட்டப்பட்டது. இவான் இலிச்சும் வந்தார். இன்னொரு நண்பர், இதெல்லாம் வயிறு நிறைந்த வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, எங்கள் தாய்மார் வைத்தியசாலைக்குப் போகத் தொடங்கியதால்தான் சாகாமல் தப்பினார்கள் என்று மறுத்தார். இருவரும் ஆண்கள். நான் அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் பொருத்தமாயிருக்கும். ஆனால் தேநீர் ஊற்றியது என் துணைவர். நான் பேசாதிருந்ததற்குக் காரணம் வேறு. 1995ஆம் ஆண்டிலிருந்து எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்வதற்கு ஒரு கணக்கின் வரலாற்றினூடாகப் போக வேண்டியிருக்கிறது.

*

நான் நெதர்லாந்துக்கு வந்தது 1994இன் இலையுதிர் காலத்தில். 1995 ஏப்ரலில் முழுகாமல் இருக்கிறேன் என்று உறுதியானபோது குடும்ப வைத்தியர் என்னைப் பெரிய டொக்டர் எவரிடமும் அனுப்பவில்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு சாதாரண வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவிச்சியிடம் அனுப்பினார். எனக்கு அது அவமதிப்பாகப் பட்டது. அகதி என்பதால்தான் மருத்துவிச்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என நினைத்தேன். நான் மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் வீட்டில் பிள்ளை பெற்ற கடைசி ஆள் என் அம்மம்மா. அவர் பெற்ற ஏழில் நான்குதான் தங்கியது. அம்மாவின் தலைமுறைக்கு வைத்தியசாலைக் கட்டில் என்பது முன்னேற்றம், அதுவும் போராடிப் பெற்ற முன்னேற்றம். அதை விட்டு நான் ஐரோப்பாவுக்கு வந்து வீட்டில் பெறுவதா?

ஒல்லாந்தரின் கதை வேறு என்பது பிறகுதான் விளங்கிற்று. 1865ஆம் ஆண்டின் சட்டத்திலேயே, இயல்பான பேற்றைத் தன் பொறுப்பில் பார்க்கக்கூடிய தொழிலாளியாக மருத்துவிச்சி அங்கு ஏற்கப்பட்டுவிட்டார். பிரித்தானியாவில் 1970இல் பீல் குழு எல்லாப் பேறுகளுக்கும் வைத்தியசாலையில் இடமிருக்க வேண்டும் எனச் சிபாரிசு செய்து, வீட்டுப்பேறு என்பதே அங்கு ஏறக்குறைய இல்லாமற் போனது. நெதர்லாந்திலோ 1960களின் நடுப்பகுதியில் மூன்றில் இரண்டு பிள்ளைகள் வீட்டில் பிறந்தன. 1990களிலும் மூன்றில் ஒன்று. இன்று அது மிகவும் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஒழுங்கின் மூளையாக இருந்தவர் அம்ஸ்ரர்டாமில் பேராசிரியராக இருந்த கெரிட் ஜான் குலூஸ்டர்மன் (1915–2004). பிள்ளைத்தாச்சி நோயாளி அல்ல என்பது அவரது அடிப்படை. ஆனால், எங்கள் நண்பர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், அவர் வைத்தியசாலையை மறுத்தவர் அல்ல. எந்தப் பெண் வீட்டில் இருக்கலாம், எவரை எப்போது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார். 'குலூஸ்டர்மன் பட்டியல்' என்றே அதற்குப் பெயர். 1987இலும் அதன் பின்னரும் திருத்தப்பட்ட அந்தப் பட்டியல்தான் வீட்டுப்பேற்றின் முதுகெலும்பு. அதன்படி 37 வாரம் நிறைந்து 42 வாரம் முடியுமுன் வலி கண்டால் வீட்டில் பெறலாம். 42 வாரம், அதாவது 294 நாள், தாண்டினால் மருத்துவிச்சியின் அதிகாரம் முடிந்தது. அந்த நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'செரோத்தீனி'. பிந்திப் பழுத்த பழத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அழகான சொல்தான்.

ஆயத்தங்களைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் ஆசை இருக்கிறது. கட்டிலின் நான்கு கால்களுக்குக் கீழும் குற்றி வைத்து உயர்த்த வேண்டும். மருத்துவிச்சி குனிந்து முதுகை முறித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. குற்றிகளை இரவல் தருவார்கள். பேறுகாலப் பெட்டி ஒன்று தபாலில் வந்தது: பஞ்சு, கட்டுத்துணி, விரிப்பு, தொப்புள்கொடிக்கு இடுக்கி. இரண்டு வாளி, தொட்டிலைச் சூடாக்க உலோகச் சுடுநீர்ப் போத்தல், படி இறங்கித் தூக்கிச் செல்ல வேண்டி வந்தால் வழியில் தடங்கல் இல்லாத நடை. வைத்தியசாலைக்குரிய பையும் கட்டி வாசலில் வைக்க வேண்டும். வீட்டில் பெறத் திட்டமிடுவதென்றால் போகவேண்டி வந்தால் எப்படிப் போவது என்பதையும் திட்டமிடுவதுதான். அழைத்ததிலிருந்து 45 நிமிடத்துக்குள் வைத்தியசாலையில் சேர்க்க முடிய வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு. பிள்ளை பிறந்த பின் எட்டு நாளளவில் பேறுகாலப் பணிப்பெண் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார், சமைப்பார், கூட்டுவார். அம்மா அருகில் இல்லாத எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஓகஸ்டில்தான் மனம் மாறினேன். வீட்டில் பெறுவேன்.

*

மருத்துவிச்சியின் முதற்கேள்வி எல்லோரிடமும் ஒன்றுதான்: கடைசி மாதவிலக்கின் முதல் நாள் எது?

இந்தக் கேள்விக்கு ஒரு வயது உண்டு. பிறீஸ்லாந்தில் ஆறு பிள்ளைகளுடன் விதவையான கத்தரினா ஸ்க்ராடர் 1693இல் மருத்துவிச்சியாகி 1745வரை தான் பார்த்த 3,060 பேறுகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். தகப்பனின் பெயர், பிள்ளை ஆணா பெண்ணா, கிடைத்த கூலி, பேறு எப்படிப் போயிற்று என்பதெல்லாம் அதில் உண்டு. அவருடைய தொழில் வலி தொடங்கிய பின்னரே தொடங்கியது. பிள்ளை பிந்திவிட்டது என்று சொல்வதற்கு முதலில் அது வரவேண்டிய ஒரு நாள் வேண்டும். அந்த நாளைத் தந்தவர்கள் மருத்துவிச்சிகள் அல்ல, பேராசிரியர்கள்.

லைடன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வைத்தியர் ஹெர்மன் பூர்ஹாவே 1738இல் இறந்தார். அவரது விரிவுரைகள் 1744இல் அச்சில் வந்தபோது, பெரும்பாலான பெண்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து ஒன்பது மாதமும் ஒரு வாரமும் கழித்துப் பெறுகிறார்கள் என்ற குறிப்பு அதில் இருந்தது. ஹைடெல்பேர்க்கில் இருந்த பிரான்ஸ் கார்ல் நேகெலே 1812இல் அதை எடுத்து எளிய வாய்ப்பாடாக்கினார்: ஏழு நாளைக் கூட்டு, மூன்று மாதத்தைக் கழி. இன்றுவரை உலகம் முழுவதும் பிள்ளைத்தாச்சிகளின் அட்டையில் எழுதப்படுவது இதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணத் தொடங்குவது மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தா கடைசி நாளிலிருந்தா என்பதை அந்தப் பழைய எழுத்துகள் தெளிவாகச் சொல்லவில்லை. முதல் நாள் என்று நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். இடையில் ஏறக்குறைய ஒரு வாரம் ஊசலாடியது. 42ஆம் வாரத்தில் நிற்கும் ஒருத்திக்கு அந்த ஒரு வாரம் என்ன என்பதை நான் அறிவேன்.

நாங்கள் 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். அதாவது வரவேண்டிய முழுக்கு வராத நாளிலிருந்து எங்கள் சொல் எண்ணத் தொடங்குகிறது. பூர்ஹாவேயின் கணக்கோ கடைசியாக வந்ததிலிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரு மாதம் வித்தியாசம். ஆனால் பத்து மாதம் சுமந்தேன் என்றும் சொல்கிறோம். 28 நாளைப் பத்தால் பெருக்கினால் 280 வரும், ரோமரும் பத்து மாதம் என்றே எண்ணினார்கள். எங்கள் மொழியில் இரண்டு கணக்கும் சண்டையில்லாமல் கிடக்கின்றன. ஏனென்றால் அவற்றை வைத்து எவரையும் எங்கும் அனுப்பவில்லை.

*

ஆயினும் இந்த நாட்கணக்கில் முதலில் அக்கறை காட்டியது மருத்துவமல்ல, சொத்துரிமை. கணவன் இறந்தோ கடல் கடந்தோ போன பிறகு எத்தனையாம் நாள்வரை பிறக்கும் பிள்ளை அவனுடையது? நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு 300 நாள் என்றது. 1900இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் சிவில் சட்டம் 302 என்றது. நெதர்லாந்தின் சட்டம் 306 நாள் தருகிறது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, 280 நாள் என்று எழுதியது. ஆக, நாள் பிந்திப் பெறும் ஓர் ஒல்லாந்து விதவைக்குக் கிடைக்கும் 26 நாள், யாழ்ப்பாணத்து விதவைக்கு இல்லை. 280ஐத் தாண்டினால் பிள்ளை முறைகேடானது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை என்பது உண்மை. சட்டத்தின் பாதுகாப்பு விலகிக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் பிறகு நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது?

இங்கிலாந்தின் வழக்குகளைப் படித்தால் எப்படி என்பது தெரியும். 1825–26இல் கார்ட்னர் பிரபுப் பட்ட வழக்கு. கப்பற்படைத் தளபதி கடலுக்குப் போய் 311 நாளின் பின் மனைவிக்குப் பிள்ளை. பேறுகால வைத்தியர்கள் பிரபுக்கள் சபை முன் வரிசையாக வந்து, முடியும் என்று சிலரும் முடியாது என்று சிலரும் சாட்சியம் சொன்னார்கள். அவளுக்கு வேறு உறவு இருந்தது என்ற சாட்சியமும் சேர, பட்டம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. 1921இல் காஸ்கில் வழக்கு, 331 நாள். அங்கே நீதிமன்றம் மனைவியை நம்பியது. 1951இல் பிரெஸ்ரன் ஜோன்ஸ் வழக்கு, 360 நாள், நம்பவில்லை. விசாரணையில் இருந்தது கருப்பையின் கால அளவு என்று சொன்னாலும், கூண்டில் நின்றது ஒரு பெண்ணின் வாய்ச்சொல். அவள் சொல்லும் திகதியும் கணவன் பயணப்பட்ட திகதியும் பொருந்துகின்றனவா என்பதே கேள்வி.

இந்த வழக்குகளைப் படித்தபோது எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இந்த அறைக்குள் நான் இருந்திருக்கிறேன்.

*

அகதி விசாரணையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அறையை விபரிக்கத் தேவையில்லை. மேசை, தட்டச்சு, மொழிபெயர்ப்பாளர், தண்ணீர்க் குவளை. எந்தத் திகதியில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டீர்கள்? அண்ணனைப் பிடித்தது எந்தத் திகதி? கொழும்பில் எத்தனை நாள்? முதலாவது விசாரணையில் நான் பல கேள்விகளுக்கு 'சரியாகத் தெரியாது' என்று உண்மையைச் சொன்னேன். இரண்டாவது விசாரணையில் அவை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப்பட்டன. தெரியாது என்று சொன்ன இடமெல்லாம் ஐயத்துக்குரிய இடமாக எழுதப்பட்டிருந்தது. இவ்வளவு முக்கியமான நாளை ஒருவர் எப்படி மறக்க முடியும் என்று கேட்டார்கள். அன்றைக்கு நான் ஒரு பாடம் படித்தேன்: இந்த நாட்டில் தெரியாது என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது விசாரணை நடந்தது 1995 பெப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. கடிதத்தில் அச்சடித்திருந்த அந்தத் திகதி மனதில் குத்தப்பட்டுவிட்டது. பயணத்தில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மாதம் வராது, பிறகு வரும். ஏப்ரலில் அந்த மருத்துவிச்சி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டபோது, அவரும் ஒரு மேசைக்குப் பின்னால்தான் இருந்தார். நான் தயங்கவில்லை. பெப்ரவரி 3 என்றேன்.

அவர் ஒரு வட்டமான காகிதத் தட்டைத் திருப்பினார். நவம்பர் 10 என்று எழுதினார். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்களே என்று பாராட்டினார். நாள் தெரியாதவர்களைத்தான் அக்காலத்தில் ஆரம்ப ஸ்கானுக்கு அனுப்புவார்கள். 20ஆம் வார ஸ்கான் அங்கு எல்லோருக்கும் பொதுவானது 2007இல்தான். கிளாஸ்கோவில் ஹியூ ரொபின்சன் 1973இலேயே, முதல் மூன்று மாதத்துக்குள் கருவின் தலையிலிருந்து அடிவரை அளந்தால் சில நாள் வித்தியாசத்துக்குள் வயதைச் சொல்லிவிடலாம் என்று காட்டியிருந்தார். எனக்கு அந்த அளவு எடுக்கப்படவில்லை. நான் உறுதியான பெண்.

ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. அம்மா அதில் நடந்தாரா, எங்கே போய்ச் சேர்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. செஞ்சிலுவைக்கு எழுதினோம். நவம்பர் 10 வந்து போனது. எங்கள் முன்னறையில் ஒவ்வொரு மாலையும் ஆட்கள். வானொலிச் செய்தி, தொலைபேசி, சண்டை பிடிப்பு. உள்ளறையில் குற்றிகளின் மேல் உயர்த்தப்பட்ட கட்டில். ஏறி இறங்க எனக்கு ஒரு சிறு முக்காலி தேவைப்பட்டது.

17ஆம் திகதி 41 வாரம். மருத்துவிச்சி கருப்பை வாயினுள் விரல் விட்டுப் பனிக்குடத்தின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். நோகும், ஆனால் பயனுள்ள வேலை. பின்னாளில், 2006இல், நெதர்லாந்தின் மருத்துவிச்சிகளே 742 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அப்படிச் செய்தவர்களில் 23 வீதத்தினரும் செய்யாதவர்களில் 41 வீதத்தினரும் 42 வாரத்தைத் தொட்டார்கள். எனக்கு வாய் இறுகியிருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வைத்தியசாலையில் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதிந்தார்கள், பனிநீரை அளந்தார்கள். எல்லாம் சரி, பிள்ளைதான் நாளுக்குக் கொஞ்சம் சிறிது என்றார்கள். 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை 42 வாரம். அன்று காலை வைத்தியசாலைக்கு வந்துவிட வேண்டும்.

21ஆம் திகதி நான் மருத்துவிச்சியிடம் உண்மையைச் சொன்னேன். பெப்ரவரி 3 விசாரணை நாள், வேறொன்றும் இல்லை. மாதக் கடைசியாக இருக்கலாம், மார்ச்சாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

அவர் நெடுநேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களை நம்புகிறேன்" என்றார். "ஆனால் நீங்கள் முதலில் சொன்னதையும் நம்பித்தானே இருந்தேன்." இப்போது ஸ்கான் எடுத்தாலும் மூன்று வாரம் இப்படியோ அப்படியோ இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வைத்தியசாலையின் டொக்டரோடு பேசினார். அட்டையில் இருக்கும் திகதிதான் திகதி என்று பதில் வந்தது.

நான் கோபப்பட்டேன். என் பொய்யை நம்பினார்கள், உண்மையை நம்பவில்லை என்று துணைவரிடம் கத்தினேன். இப்போது யோசித்தால் டொக்டரின் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். என் மாதவிலக்கு பெப்ரவரிக்குப் பிந்தியதாக இருக்கலாம் என்றால், ஜனவரியாகவும் இருந்திருக்கலாம். சிறிய பிள்ளை என்பது வயது குறைந்த பிள்ளையாகவும் இருக்கலாம், நாள் தாண்டி நச்சுக்கொடி தளர்ந்து மெலியும் பிள்ளையாகவும் இருக்கலாம். என் பொய் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது பிள்ளை வெளியே வரும்வரை எவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை போனேன். முதலில் களிம்பு, பிறகு ஊசிநீர். வலியைத் தூண்டிய பிறகு கருவியின் பட்டியோடு கட்டிலில்தான் கிடக்க வேண்டும். முப்பது மணித்தியாலம். 25ஆம் திகதி இரவு மகள் பிறந்தாள். உடம்பு முழுவதும் வெண்ணெய் பூசியது போல் வெள்ளைப்படலம், தோளில் பூனைமயிர். நாள் தாண்டிய பிள்ளைக்கு அந்தப் படலம் இராது. தோல் காய்ந்து உரியும், நகம் நீண்டிருக்கும். பொஸ்ரனில் கிளிபோர்ட் 1954இலேயே அந்த அடையாளங்களை விபரித்து எழுதியிருக்கிறார். மகளைத் துடைத்த தாதி ஒருத்தி, இது 42 வாரப் பிள்ளை இல்லையே என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். அட்டையில் 42 வாரமும் ஒரு நாளும் என்று எழுதினார்கள்.

*

ஆகவே எங்கள் நண்பர் சொல்லும் கண்காணிப்புக்கு நான் ஒரு நல்ல உதாரணம் என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். தேவையற்ற தலையீடு, வீணாய்ப்போன கட்டில். அப்படி எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

நாள் ஒரு கட்டமைப்பு என்பது உண்மை. 1990இல் பொஸ்ரனில் மிற்றென்டோர்ப் முதலானோர் எண்ணிப் பார்த்தபோது முதற்பிள்ளை பெறும் வெள்ளைப் பெண்களுக்கு நடு அளவு 288 நாளாக இருந்தது, நேகெலேயின் கணக்குக்கு எட்டு நாள் கூட. ஆனால் நாள் பிந்தினால் சில பிள்ளைகள் வயிற்றிலேயே இறக்கின்றன என்பது கட்டமைப்பு அல்ல. சுவீடனில் 2,760 பெண்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு 41 வாரத்தில் வலியைத் தூண்டி, மற்றக் குழுவை 42வரை காத்திருக்க விட்ட ஆய்வை 2018 ஒக்ரோபரில் இடையில் நிறுத்தினார்கள். காத்திருந்த குழுவில் ஆறு பிள்ளைகள் இறந்திருந்தன, மற்றதில் ஒன்றுமில்லை. 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 1,801 பெண்கள். காத்திருந்தவர்களில் இரண்டு பிள்ளைகள், தூண்டப்பட்டவர்களில் ஒன்று. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு வழியிலும் ஒன்றும் ஆவதில்லை. அபாயம் சிறியது, ஆனால் அது ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது. இன்று நெதர்லாந்தில் 41 வாரத்திலேயே இரண்டு தெரிவுகளையும் பெண்ணின் முன் வைத்துப் பேசுகிறார்கள். அதிகாரத்தைக் கட்டுடைக்கும் நண்பர்கள் அந்த ஆறு என்ற எண்ணையும் கட்டுடைத்துக் காட்டட்டும்.

மற்ற நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இலண்டனில் ஒரு இலட்சத்து 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட பேறுகளைப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், வெள்ளைப் பெண்களின் நடு அளவு 40 வாரமாகவும் ஆசிய, கறுப்பினப் பெண்களின் அளவு 39 வாரமாகவும் இருந்தது. நேகெலேயின் நாள் எங்களுக்கு வேறு பக்கமாகப் பிழைக்கிறது போலும். 2021 மே மாதத்தில் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ் தன் நகல் அறிக்கையில், சிறுபான்மை இனப் பெண்களுக்கு 39 வாரத்திலேயே வலியைத் தூண்டுவது பற்றி யோசிக்கலாம் என்றெழுதியது. கண்டனங்கள் எழுந்தன. அதே ஆண்டு நவம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அது இல்லை. எனக்கு இதில் எந்தப் பக்கம் நிற்பதென்றே தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் கூடுதலாக இறக்கின்றன என்றால் அது தோலின் நிறத்தாலா, வறுமையாலா, பிள்ளை துடிக்கவில்லை என்று ஒருத்தி சொல்லும்போது அவளை நம்பாததாலா? முன்னிரண்டையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். மூன்றாவதற்கு ஊசிநீர் கிடையாது.

அந்த மே மாதத்தில் என் மகள் இலண்டனில் ஆறு மாதம். அவளும் வீட்டில் பெறத் திட்டம் போட்டிருந்தாள். நீர்த்தொட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள். அவளுக்கு 12ஆம் வார ஸ்கான் எடுத்தாயிற்று, நாள் பற்றிய சந்தேகம் ஒன்றுமில்லை. ஓகஸ்டில் நாள் தாண்டி ஆறாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். மருத்துவிச்சி பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, நான் பிந்தித்தானே பிறந்தனான்? எத்தினை நாள் எண்டு கேக்கினம். தாய்க்குப் பிந்தியிருந்தால் மகளுக்கும் பிந்துமாம்."

"அட்டையில 42 வாரமும் ஒரு நாளும்."

"அப்ப அதையே சொல்லட்டே?"

நான் நிற்கச் சொன்னேன். பெப்ரவரி 3ஐப் பற்றி அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். விசாரணை அறையையும் சொன்னேன். மறுபக்கத்தில் அவள் அதை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவது கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

"அப்ப என்ன எழுதச் சொல்ல, அம்மா?"

"தெரியாது எண்டு எழுதச் சொல்லு."

மருத்துவிச்சி அப்படியே எழுதிக்கொண்டதாகச் சொன்னாள். அடுத்த நாள் காலையில் அவளுக்கு வலி கண்டது.